இக்கிகய்: ஓகிமியில் கேட்காமல் விட்ட கேள்விகள்

"இக்கிகய்" புத்தகம் என் அலமாரியில் மூன்று பிரதி இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் இரண்டு. மூன்றுமே பரிசாக வந்தவை. நாற்பதைத் தாண்டிய ஐடி ஆளுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசிக்கிறவர்கள் கண்ணில் முதலில் படுவது இதுதான் போல. சின்னப் புத்தகம், ஒரு ரயில் பயணத்தில் முடித்துவிடலாம். நான் இரண்டு தடவை படித்தேன், இரண்டாவது தடவை கையில் பென்சிலோடு. வயதாவதைப் பற்றி நம்மவர்கள் விரும்பி வாங்கும் புத்தகம் என்பதால், அந்தப் பென்சில் கோடுகளைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆசிரியர்கள் இருவரும் ஸ்பெயின்காரர்கள். ஃபிரான்செஸ்க் மிராயெஸ் எழுத்தாளர். ஹெக்டர் கார்சியா நம்ம ஆள், அதாவது சாஃப்ட்வேர் ஆள். ஸெர்ன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு ஜப்பானுக்குப் போய், பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் எழுதியவர். புத்தகம் 2016ல் ஸ்பானிஷில் வந்தது, அடுத்த வருடம் ஆங்கிலத்தில். கதை இதுதான்: ஜப்பானின் தென்கோடியில் இருக்கும் ஒகினாவா தீவின் வடக்கே ஓகிமி என்று ஒரு கிராமம், சுமார் மூவாயிரம் பேர். நூறு வயதைத் தொட்டவர்கள் அங்கே அதிகம் என்று பெயர். இவர்கள் போய் முதியவர்களிடம் நூறு பேட்டி எடுக்கிறார்கள். சாப்பாடு, லேசான உடற்பயிற்சி, நண்பர் கூட்டம் என்று பல காரணங்களைச் சொன்னாலும், நடுவில் வைப்பது "இக்கிகய்" என்ற சொல்லை. காலையில் எழுந்திருக்க ஒரு காரணம். அது இருப்பதால்தான் அவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்பது வாதம்.

முதல் சிக்கல் பேட்டி எடுத்த முறையிலேயே இருக்கிறது. தொண்ணூறு வயதுக்காரரிடம் போய் "நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டால் அவர் என்ன பண்ணினாரோ அதைச் சொல்வார். தோட்டம் கொத்தினேன், சிரிச்சுப் பேசினேன், வயிறு முட்டச் சாப்பிடலை. அதே தோட்டத்தை அதே மாதிரி கொத்தி, அதே மாதிரி சிரித்துப் பேசி, அறுபத்தெட்டில் போய்ச் சேர்ந்த பக்கத்து வீட்டுக்காரரைப் பேட்டி எடுக்க முடியாதே. விழாத சர்வர்களின் லாகை மட்டும் படித்துவிட்டு, சர்வர் விழாமல் இருக்க என்ன செய்யணும் என்று ரிப்போர்ட் எழுதினால் எங்கள் டீமில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கார்சியாவுக்கும் இது தெரியாமல் இருக்காது.

அடுத்தது அந்த நாலு வட்டப் படம். ஆபீஸ் பயிற்சி வகுப்பில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்: உங்களுக்குப் பிடித்தது, உங்களுக்குக் கைவந்தது, உலகத்துக்குத் தேவையானது, காசு கிடைப்பது. நாலும் வெட்டிக்கொள்ளும் நடுப்பகுதி உங்கள் இக்கிகய். புத்தகத்திலும் இது இருக்கிறது, மார்க் வின் என்பவரின் படத்தை ஒட்டியது என்ற குறிப்போடு. இந்தப் படத்தின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் ஜப்பான் வராது, ஸ்பெயின்தான் வரும். ஆந்த்ரேஸ் ஸுஸுனாகா என்ற ஜோசியர் வரைந்தது. நடுவில் அவர் எழுதியிருந்த சொல் "நோக்கம்". 2014ல் மார்க் வின், நீண்ட ஆயுள் பற்றி டான் ப்யூட்னர் பேசிய உரை ஒன்றைக் கேட்டுவிட்டு, அந்தச் சொல்லை எடுத்துவிட்டு "இக்கிகய்" என்று போட்டுத் தன் வலைப்பதிவில் ஏற்றினார். மாற்றியது ஒரே ஒரு சொல்தான் என்று பின்னால் அவரே எழுதியும் விட்டார். ஜோசியர் கட்டத்திலிருந்து எச்ஆர் ஸ்லைடு வரைக்கும் வந்த பயணம் சுவாரசியம்தான். ஆனால் ஓகிமிப் பாட்டிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எண்பத்தைந்து வயதில் "காசு கிடைப்பது" வட்டத்தில் எதை எழுதுவது?

ஜப்பானியர்கள் அந்தச் சொல்லைப் புழங்கும் விதம் இதைவிட எளிமையானது. வாழ்வதற்கான பெறுமானம் என்று பிரித்துப் பொருள் சொல்லலாம். பேரன் பேத்தி, தோட்டத்துப் பாகற்காய் (ஒகினாவாவில் அதுதான் முக்கியக் காய்), வாரம் ஒருநாள் பாட்டு வகுப்பு, எதுவும் இக்கிகய் ஆகலாம். 2010ல் ஜப்பானில் 2,000 பேரிடம் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில் வேலைதான் என் இக்கிகய் என்று சொன்னவர்கள் 31 சதவீதம் மட்டுமே.

இப்போது கொஞ்சம் டேட்டா பக்கம் போவோம். எனக்கு ஆர்வம் அதிகமுள்ள இடம், அதனால் சற்று நீளும்.

ஓகிமி, ஒகினாவா என்றதும் கூடவே வரும் சொல் "ப்ளூ ஸோன்". சார்டினியா தீவில் நூறு வயதுக்காரர்கள் அதிகமுள்ள பகுதியை ஜான்னி பெஸ், மிஷேல் பூலேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வரைபடத்தில் நீலப் பேனாவால் குறித்தார்கள். 2004ல் அவர்கள் கட்டுரை வந்தது. அதை எடுத்துப் பெரிதாக்கி, ஒகினாவாவையும் மற்ற ஊர்களையும் சேர்த்து உலகப் பிரபலமாக்கியவர் ப்யூட்னர். இந்த ஊர்களின் வயதுக் கணக்கே நம்பத்தகுந்ததா என்று கேட்டவர் ஸால் நியூமன். 2019ல் அவருடைய முன்பதிப்புக் கட்டுரை வந்தது, 2024ல் அதற்காக இக் நோபல் பரிசும் கிடைத்தது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் பிறப்புச் சான்றிதழ் முறையைக் கொண்டுவந்த பிறகு, 110 வயதைத் தாண்டியவர்களின் பதிவுகள் 69 முதல் 82 சதவீதம் வரை குறைந்துபோயின என்று அவர் காட்டினார். சான்றிதழ் வந்ததும் கிழவர்கள் காணாமல் போகிறார்கள் என்றால், முதலில் இருந்தவர்கள் யார்? மிக முதியவர்களின் பிறந்த தேதிகள் மாதத்தின் முதல் நாளிலும் ஐந்தால் வகுபடும் நாட்களிலும் குவிந்து கிடப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் போட்ட ஜூன் மாசப் பிறந்தநாளோடு ரிட்டயர் ஆனவர்கள் எல்லார் வீட்டிலும் உண்டு.

ஒகினாவா விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது. 1945 ஏப்ரல் முதல் ஜூன் வரை அங்கே நடந்த போரில் தீவுவாசிகளில் நாலில் ஒருவருக்குக் குறையாமல் செத்தார்கள். பிரதான தீவின் குடும்பப் பதிவேடுகளில் பெரும்பகுதி எரிந்துபோனது. பிறகு அமெரிக்க ஆட்சியின் கீழ் நினைவிலிருந்தும் சாட்சி சொல்லியும் அவற்றைத் திரும்ப எழுதினார்கள். புத்தகம் நம்பி நிற்கும் வயதுகளுக்கு அடித்தளம் இப்படிப்பட்ட காகிதம்.

ஆனால் இந்தப் பக்கமும் அவசரப்படக் கூடாது. நியூமனை மேற்கோள் காட்டி "ஜப்பானில் நூறு வயதுக்காரர்களில் எண்பது சதவீதம் பேர் உண்மையில் செத்துப்போனவர்கள்" என்று பலரும் எழுதுகிறார்கள். இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். 2010 ஜூலையில் டோக்கியோவின் அடாச்சி வட்டத்தில், பதிவேட்டின்படி 111 வயதான ஒருவரைத் தேடிப் போனபோது, முப்பது வருடத்துக்கு முன்பே இறந்துபோன அவருடைய உலர்ந்த உடல்தான் படுக்கையில் இருந்தது. பென்ஷன் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு நீதித்துறை அமைச்சகம் குடும்பப் பதிவேட்டை அலசியதில், நூறு வயதைத் தாண்டியும் இருப்பிடம் தெரியாதவர்கள் 2,34,354 பேர் என்று தெரிந்தது. அதில் 884 பேருக்கு 150 வயதுக்கு மேல்! பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் அதே வருடம் சுகாதார அமைச்சகம் அறிவித்த நூறு வயதுக்காரர்களின் எண்ணிக்கை 44,449. இது எடுக்கப்பட்டது குடும்பப் பதிவேட்டிலிருந்து இல்லை, வசிப்பிடப் பதிவேட்டிலிருந்து. இரண்டும் வேறு வேறு டேபிள். முதல் டேபிளில், போரில் செத்துப் பதிவாகாதவர்கள், பிரேசிலுக்குக் குடிபெயர்ந்து திரும்பாதவர்கள் எல்லாம் அழிக்கப்படாமல் கிடக்கிறார்கள். அவர்களுக்கு முகவரியும் இல்லை, பென்ஷனும் இல்லை. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுச் சதவீதம் போட்டது தப்பான ஜாயின். அடாச்சி மாதிரியான ஆட்கள் இரண்டாவது டேபிளிலும் சிலர் இருந்தார்கள்தான், ஆனால் எண்பது சதவீதம் இல்லை. ஒகினாவா ஆய்வாளர்களும் நியூமனை மறுத்திருக்கிறார்கள், பல ஆவணங்களை ஒப்பிட்டே வயதை உறுதி செய்தோம் என்கிறார்கள். ஆக, ஓகிமியின் முதியவர்கள் எல்லாரும் கற்பனை என்று நான் சொல்லவில்லை. அவர்களில் நிறையப் பேர் உண்மையிலேயே நீண்ட நாள் வாழ்ந்தவர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படி வைத்துக்கொண்டாலும் புத்தகத்தின் வாதம் நிற்கிறதா என்பதுதான் என் கேள்வி.

நிற்கவில்லை. இதோ எண்கள். ஜப்பானில் 47 மாகாணங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாகாணவாரியாக சராசரி ஆயுளை வெளியிடுவார்கள். 1985ல் ஒகினாவா ஆண்களுக்கு முதலிடம். 1995ல் நாலாவது. 2000ல் இருபத்தாறாவது, "இருபத்தாறு அதிர்ச்சி" என்றே அங்கே அதற்குப் பெயர். 2015ல் முப்பத்தாறு, 2020ல் நாற்பத்து மூன்று. பெண்கள் வெகுகாலம் முதலிடத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள், 2010ல் மூன்றாமிடம், 2015ல் ஏழு, 2020ல் பதினாறு. ஆயுள் குறைந்துவிடவில்லை, மற்ற மாகாணங்கள் வேகமாக ஏற, ஒகினாவா அங்கேயே தேங்கிவிட்டது. நடுத்தர வயதில் சாகிற ஆண்கள் அங்கே அதிகம். புத்தகம் ஸ்பானிஷில் வெளிவந்தபோது இந்தச் சரிவுக்குப் பதினைந்து வயது ஆகியிருந்தது.

அதே தீவு, அதே மொழி, அதே கடல், தாத்தாவுக்கு இருந்த இக்கிகய் என்ற சொல்தான் பேரனுக்கும். சொல்லில் ரகசியம் இருந்தால் ஒரே தலைமுறையில் அது எங்கே போனது? போனது வேறு ஒன்று. 1949ல் எடுத்த கணக்குப்படி ஒகினாவாக்காரர் உட்கொண்ட கலோரியில் 69 சதவீதம் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்து வந்தது. அரிசி குறைவு, மீன் குறைவு, பன்றிக்கறி திருவிழாவுக்கு. இதைப் புத்தகங்கள் "ஒகினாவா டயட்" என்று அழகான படத்தோடு போடுகின்றன. அன்றைக்கு அதற்குப் பெயர் வறுமை. பிறகு அமெரிக்க ராணுவ முகாம்கள் வந்தன, டப்பாக் கறி வந்தது. ஒகினாவாவில் முதல் ஹாம்பர்கர் கடை 1963ல் திறந்தது; மெக்டொனால்ட்ஸ் ஜப்பானுக்குள் நுழைந்ததே 1971ல்தான். போரில் அழிந்த ரயில் பாதையைத் திரும்பப் போடவில்லை. 2003ல் நாஹா நகரத்தில் மோனோரயில் வரும்வரை தீவில் தண்டவாளமே கிடையாது. எங்கே போனாலும் கார். நடந்து திரிந்த தலைமுறை தொண்ணூறில் இருக்கிறது, கார் தலைமுறை ஐம்பதில் நெஞ்சைப் பிடிக்கிறது.

மேலே ஏறியது யார் என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். நாகானோ. ஜப்பானின் நடுவே மலைப்பகுதி, கடுங்குளிர். குளிர்காலத்துக்கு ஊறுகாயும் உப்பும்தான் துணை, அதனால் பக்கவாதத்தில் சாவு அதிகம். 1945ல் வாகாட்சுகி தோஷிகாஸு என்ற இளம் அறுவை மருத்துவர் அங்கே சாகு என்ற ஊரின் சிறிய மருத்துவமனைக்கு வந்தார். கிராமம் கிராமமாகப் போனார், ஆஸ்பத்திரி ஆட்களை வைத்து நாடகம் போட்டார். 1959ல் யாச்சிஹோ என்ற கிராமத்தில் ஊர் மொத்தத்துக்கும் வருடாந்திர உடல் பரிசோதனையைத் தொடங்கினார்கள். ஊர்ப் பெண்களே முறைபோட்டுக்கொண்டு சுகாதாரத் தொண்டர்களாகி, வீடு வீடாகப் போய் சூப்பில் உப்பு எவ்வளவு என்று அளந்தார்கள். வீட்டில் ஒரு அறையையாவது கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு இயக்கம் நடந்தது. 1990லிருந்து 2010 வரை ஆண்கள் ஆயுளில் நாகானோ முதலிடம், 2010ல் பெண்களிலும். வாகாட்சுகிக்கு 1976ல் மகசேசே விருது கொடுத்தார்கள். நாகானோவில் முதியவர்கள் வயல்வேலை செய்வதும் ஜப்பானிலேயே அதிகம் என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் செய்வதும் அந்தப் புத்தகம் செய்வதுமாக ஒன்றாகிவிடும். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் உப்பை அளந்த கதையைப் பரிசுப் புத்தகமாகப் போட்டால் யார் வாங்குவார்கள்?

புத்தகத்தின் கடைசியில் பத்து விதிகள் உண்டு. முதல் விதி: சுறுசுறுப்பாக இருங்கள், ஓய்வு பெறாதீர்கள். ஜப்பானிய மொழியில் ரிட்டயர்மென்ட்டுக்குச் சொல்லே கிடையாது என்றும் உள்ளே ஒரு வரி வருகிறது. எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். "டெய்னென்" என்ற சொல் ஜப்பானில் சம்பளம் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் தெரியும்: ஓய்வு பெறும் வயது. சட்டப்படி அதை 60க்குக் கீழே வைக்க முடியாது, பெரும்பாலான கம்பெனிகளில் அது 60. அதன் பிறகு 65 வரை வேலை கொடுக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிறது சட்டம், பெரும்பாலும் குறைந்த சம்பளத்தில். "இன்தாய்" என்று இன்னொரு சொல்லும் உண்டு, மல்யுத்த வீரரும் அரசியல்வாதியும் விலகும்போது சொல்வது. ஜப்பானில் கம்பெனிகளுக்கு வேலை பார்த்த மனிதர் இதை எப்படி விட்டார் என்று எனக்குப் புரியவில்லை.

65 தாண்டியவர்களில் நாலில் ஒருவர் அங்கே வேலை செய்கிறார், உண்மைதான். ஆனால் அந்த வேலையை டோக்கியோ தெருக்களில் பார்க்கலாம். சாலை தோண்டும் இடத்தில் சிவப்பு விளக்குத் தடியோடு நிற்கும் எழுபத்தைந்து வயதுக்காரர். அதிகாலையில் கட்டடம் பெருக்கும் அம்மாள். அடிப்படைப் பென்ஷன் முழுதாகக் கிடைத்தாலே 2024ல் மாதம் 68,000 யென்தான், வாடகைக்கே போய்விடும். முதியவர்களில் ஐந்தில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே. அவர்களில் சிலருக்கு வேலை பிடித்திருக்கலாம். எல்லாருக்கும் அது இக்கிகய் என்று சொல்வது, சம்பளம் போதாததற்கு ஒரு ஜப்பானியப் பெயர் வைப்பது.

எங்கப்பா முப்பத்தி நாலு வருஷம் லைன்மேன். மழையிலும் புயலிலும் கம்பம் ஏறியவர், இப்போ எழுபத்தாறு, இரண்டு முட்டியும் தேய்ந்துபோச்சு. தமிழ்ப் பிரதியைப் படித்துவிட்டு, "ஏன்டா, அப்ப நான் ரிட்டயர் ஆனதே தப்பாடா?" என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார், ஆனால் முழுக்கவும் கிண்டல் இல்லை. "கம்பம் ஏறச் சொல்லி இருக்காப்பா இதுல?" என்றேன். "அதெல்லாம் தோட்டம் வச்சிருக்கறவன் எழுதின புத்தகம்" என்று மூடி வைத்துவிட்டார். இதைவிடச் சுருக்கமான மதிப்புரையை நான் எழுதிவிட முடியாது. உடம்பைத் தேய்த்து வேலை செய்தவனுக்கு ஓய்வு என்பது வாங்கிய கடன் திரும்பி வருவது மாதிரி. அதை அவன் ஆயுளைக் குறைக்கும் கெட்ட பழக்கமாக மாற்றிவிடுகிறது இந்த விதி.

இன்னொரு விடுபடல் இதோடு ஒட்டியது. ஜப்பானில் எல்லாருக்குமான மருத்துவக் காப்பீடு 1961லிருந்து இருக்கிறது. 2000 ஏப்ரலில் முதியோர் பராமரிப்புக் காப்பீடு வந்தது: 40 வயதிலிருந்து எல்லாரும் கட்டாயம் பணம் கட்ட வேண்டும், முடியாமல் போகும்போது குளிப்பாட்ட ஆள் வரும், பகல்நேர மையத்துக்குக் கூட்டிப்போக வண்டி வரும், பெரும்பாலானவர்களுக்குச் செலவில் பத்து சதவீதம்தான் கையிலிருந்து. அதற்கு முன் இந்த வேலை முழுவதும் யார் தலையில் இருந்தது? மருமகள் தலையில். அந்தச் சட்டம் வந்த காரணங்களில் அதுவும் ஒன்று. புத்தகத்தில் தை சி, யோகா, ஷியாட்சு எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது, இதற்கு ஒரு அத்தியாயம் கிடையாது. தொண்ணூறு வயதுப் பாட்டி சிரித்துக்கொண்டே பாகற்காய் பறிக்கும் படத்துக்கு வெளியே ஒரு மருமகளும் ஒரு சட்டமும் நிற்கிறார்கள்.

சரி, இக்கிகய்க்கும் ஆயுளுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது என்று காட்டும் நல்ல ஆய்வு ஒன்று உண்டு. மியாகி மாகாணத்தின் ஓசாகி பகுதியில் 43,391 பேரிடம் "உங்கள் வாழ்க்கையில் இக்கிகய் இருக்கிறதா?" என்று ஒரே கேள்வி கேட்டு ஏழு வருடம் பின்தொடர்ந்தார்கள். 2008ல் முடிவு வெளிவந்தது. இல்லை என்றவர்கள் சாகும் அபாயம், இருக்கிறது என்றவர்களைவிட ஒன்றரை மடங்கு. வயது, நோய், புகை, குடி எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும். சின்ன விஷயம் இல்லை. ஆனால் "இல்லை" என்று சொன்னவர்கள் யார் என்றும் அதே கட்டுரை சொல்கிறது: கல்யாணம் ஆகாதவர்கள், வேலை இல்லாதவர்கள், குறைவாகப் படித்தவர்கள், உடல்நலம் மோசம் என்று தாங்களே சொன்னவர்கள், கடும் வலியோடு இருப்பவர்கள் அவர்களில் அதிகம். வலி இருப்பவனுக்கு இக்கிகய் இல்லாமல் போகிறது. அவனுக்கு முதலில் கொடுக்க வேண்டியது நாலு வட்டமா, வலி மாத்திரையா? புள்ளியியலில் கழித்துவிடலாம், வாழ்க்கையில் கழிக்க முடியாது.

புத்தகத்தில் எனக்குப் பிடித்த பகுதியும் உண்டு, "மோஆய்" பற்றியது. நம்ம ஊர் சீட்டேதான். பத்துப் பதினைந்து பேர் மாதம் ஒரு தொகை போட்டு, முறைப்படி ஆளுக்கு ஒரு மாதம் எடுப்பது. பணத்துக்காகத் தொடங்கி, கடைசியில் மாதம் ஒருநாள் கூடிச் சாப்பிட்டுப் பேசுவதற்கான சாக்காக மாறிவிடுகிறது. வராதவரை மற்றவர்கள் போய்ப் பார்க்கிறார்கள். யார் வீட்டில் விளக்கு எரியவில்லை என்பது தெரிந்துவிடும் அமைப்பு. இதை மனநிலை என்று சொல்ல முடியாது, ஏற்பாடு என்றுதான் சொல்ல வேண்டும். வட சென்னையில் சீட்டுப் பிடிக்கும் அக்காக்கள் இதை ஜப்பான் போய்க் கற்கவில்லை.

ஓகிமியிலேயே கிஜோகா என்ற பகுதியில் வாழைநாரில் நெய்யும் துணி ஒன்று உண்டு, "பஷோஃபு". போருக்குப் பிறகு அநேகமாக அழிந்துபோன இந்த நெசவை மீட்டவர் டய்ரா தோஷிகோ. 1921ல் பிறந்து, 2022ல் 101 வயதில் இறந்தார். வாழை வளர மூன்று வருடம், ஒரு கிமோனோத் துணிக்குச் சுமார் 200 மரம். நாரைக் கிழித்து முடிச்சுப் போட்டு நூலாக்கும் வேலையைக் கிராமத்துக் கிழவிகள்தான் செய்தார்கள். இதை இக்கிகய் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் 1974ல் அரசு இதைப் பாதுகாக்க வேண்டிய கலையாக அறிவித்ததும், துணிக்கு வாங்க ஆள் இருந்ததும், அந்தக் கைகளுக்குக் கூலி கிடைத்ததும் கூடவே சேர்ந்த கதை.

கடைசியாக அந்தச் சொல்லின் இன்னொரு வரலாறு. புத்தகம் இக்கிகய்க்குத் துணையாக விக்டர் ஃபிராங்க்லை அழைக்கிறது, நாஜி முகாமில் இருந்து மீண்ட மனநல மருத்துவர், அவருக்கு ஒரு அத்தியாயமே இருக்கிறது. ஆனால் ஜப்பானிலேயே இக்கிகய் பற்றி முதலில் முழு நூல் எழுதிய மனநல மருத்துவர் இருக்கிறார், காமியா மியேகோ. நூல் வந்த வருடம் 1966. அவர் அந்தக் கேள்வியைக் கேட்டது ஆரோக்கியமான கிராமத்தில் இல்லை. 1957லிருந்து ஒகாயாமா அருகே நாகஷிமா தீவில் இருந்த தொழுநோயாளிகள் குடியிருப்புக்குப் போய் வந்தார். நோய் குணமான பிறகும் வெளியே விடாமல் ஆயுள் முழுக்க அடைத்துவைத்த இடம் அது. உடம்பில் லேசான பாதிப்பு மட்டுமே உள்ள சிலர் வாழ்வே வெறுமை என்றார்கள். கண்ணும் விரலும் போன சிலர் இல்லை என்றார்கள். பார்வையற்ற நோயாளிகள் சேர்ந்து அங்கே ஒரு ஹார்மோனிகா குழு நடத்தினார்கள். அதைத் தொடங்கிய கோன்டோ கோய்ச்சிக்கு விரல் நுனியில் உணர்வு இல்லை, நாக்கால் ப்ரெய்ல் தடவி இசைக்குறிப்பைப் படித்தார். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் காமியாவின் கேள்வி. ஆயுள் எவ்வளவு என்பது அவர் அக்கறையே இல்லை. அவர் மீதும் விமர்சனம் உண்டு: உள்ளே இருப்பவர்களின் மனதை அவ்வளவு நுட்பமாகப் பார்த்தவர், அவர்களை உள்ளே போட்ட கொள்கையை அழுத்தமாகக் கேள்வி கேட்கவில்லை என்று. நியாயமான விமர்சனம்தான். அடைத்துவைக்கும் சட்டம் 1996ல்தான் ரத்தானது. 2001ல் நீதிமன்றம் அரசு நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

அதே மாதிரிக் குடியிருப்பு ஒன்று ஒகினாவாவிலும் இருக்கிறது. 1938ல் தொடங்கியது, பெயர் அய்ராகுஎன். ஓகிமிக்குப் பக்கத்து ஊரான நாகோவின் எல்லைக்குள், யாகாஜி என்ற சின்னத் தீவில். போர்க்காலத்தில் நோயாளிகளைக் கொண்டே பதுங்குகுழி தோண்ட வைத்தார்கள். சட்டம் ரத்தான பிறகும் போக வீடில்லாதவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களுக்கும் இப்போது எண்பது, தொண்ணூறு வயது.